திரும்பி வருகிற கப்பலும் சீட் பிடிக்கப் போன நானும்

1

எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாம் வருஷத்துக்கு மகள் தர்ஷினி கொடுத்த பரிசு ஒரு கப்பல் பயணம். இங்கிலாந்தின் தெற்குக் கரையில் சவுத்ஹாம்ப்டன் துறைமுகத்தில் ஏற வேண்டும். நோர்வே பக்கம் மலைகளுக்கு நடுவில் புகுந்து கிடக்கிற கடலைப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் அதே சவுத்ஹாம்ப்டனில் வந்து இறங்க வேண்டும்.

"நமுனுகுலயில பொறந்தவனுக்கு மலையைக் காட்டப் போறியா?" என்று கேட்டேன். நமுனுகுல, இலங்கையில் பதுளைப் பக்கம் இருக்கிற தேயிலை மலை.

"இது வேற மலைப்பா. நீங்க ஏற வேணாம். சாப்பிட்டுக்கிட்டே பாக்கலாம்."

என் எதிர்ப்பு அந்த இடத்தில் முடிந்துவிட்டது. தேயிலைக் கொழுந்துக் கூடையோ, விறகுக் கட்டோ, பள்ளிக்கூடப் பையோ இல்லாமல் ஒரு மலையை நான் அதுவரை பார்த்ததே கிடையாது.

என் மனைவி சரசு துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். அப்புறம் கேட்டாள்:

"துறைமுகத்துக்கு எதுல போறது?"

"கோச்சியிலதான்." ரயிலை நாங்கள் கோச்சி என்றுதான் சொல்வோம். இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அது மாறவில்லை.

"கோச்சியில போயி கப்பல்ல ஏறுறதா?"

"ஆமா."

"வேணாங்க" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஏதாவது பகிடி சொல்லிச் சமாளித்திருப்பேன்.

2

சரசு அப்புத்தளைக்காரி. ஸ்டேசனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்தில் கடைசி வீடு. தோட்டத்துத் தமிழர்களான எங்கள் சனத்தில் யார் எந்த நாட்டு ஆள் என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பங்கு பிரித்தது உங்களுக்குத் தெரியும். சரசுவின் அப்பாவுக்கு இலங்கை விழுந்தது. அக்கா லெட்சுமி கட்டிப் போன குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஒரு கல்யாணத்தில் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள்.

அக்கா போன நாள் சரசுவுக்குச் சின்ன வயது. அப்புத்தளை ஸ்டேசனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், அங்கே கப்பல் ஏற வேண்டும். பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரி. அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்ட, இவள் பிடித்துக்கொண்டாள். கோச்சி நகர்ந்தது. இவள் நடந்தாள். அப்புறம் ஓடினாள். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் அப்பா இவளைத் தூக்கிக்கொண்டார். பனிமூட்டத்தில் கோச்சி மறைந்த பிறகும் சத்தம் மட்டும் கேட்டதாம்.

அழுகையை நிறுத்த அப்பா சொன்னது: "அக்கா கப்பல்ல போயிட்டு வரும்டா."

சின்னப் பிள்ளை நம்பியது. கோச்சி ஊதுகிற நேரமெல்லாம் லயத்து வாசலில் வந்து நின்றது. கப்பல் எப்ப திரும்பி வரும் என்று கேட்டது. கேட்டுக் கேட்டு, ஒரு நாள் கேட்பதை விட்டது.

லெட்சுமி அக்கா இப்போது தமிழ்நாட்டில், கூடலூரில் இருக்கிறார். அங்கேயும் தேயிலைதான். இரண்டு பேரும் மறுபடி நேரில் பார்த்தபோது இரண்டு தலையும் நரைத்திருந்தன. அதற்குப் பிளேனில் போனோம். பிளேன் மேல் சரசுவுக்கு எந்தக் கோபமும் இல்லை. கோச்சியோடும் பகை இல்லை, கப்பலோடும் பகை இல்லை. ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறுவதுதான் ஆகாது.

ஒரு வாரம் கழித்து அவளாகவே சொன்னாள். "தர்ஷினி மனசு நோகும். வாறேன். ஆனா ஒண்ணு. வீட்டு வாசல்லயிருந்து கப்பல் வரைக்கும் என் கைய விடக் கூடாது. ஸ்டேசன்ல ஒரு வாட்டி விட்டாலும் நான் வீட்டுக்குத் திரும்பிருவேன்."

"விடுவேனா?" என்றேன். அந்தக் குரலில் இருந்த நம்பிக்கையை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

3

இந்த நாட்டில் கோச்சி டிக்கட் எடுப்பது தனிப் படிப்பு. நேராகப் போய்க் கேட்டால் ஒரு விலை. முன்கூட்டியே எடுத்தால் வேறு விலை, ஆனால் குறித்த கோச்சியில் மட்டும்தான் போகலாம். ஒரே பயணத்தை நடுவில் உடைத்து இரண்டு டிக்கட்டாக எடுத்தால் இன்னும் குறைவு. ஏன் என்று கேட்காதீர்கள், இந்த நாட்டுக்காரர்களுக்கே தெரியாது. இது போதாதென்று, கணவன் மனைவி போல இரண்டு பேருக்குச் சேர்த்து, டிக்கட் விலையைக் குறைக்கிற ஒரு கழிவு அட்டை தருகிறார்கள். இரண்டு பேரின் படமும் அதில் இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து போனால்தான் கழிவு. ஒருவர் இல்லையென்றால் மற்றவருக்கும் இல்லை. எங்கள் கல்யாணத்தில் ஐயர் சொன்ன மந்திரத்துக்கு அர்த்தம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாக் கழிவையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி டிக்கட் எடுத்தேன். நாங்கள் இருக்கிற குளோஸ்டரிலிருந்து வெஸ்ட்பரி. அங்கே மாறி, சவுத்ஹாம்ப்டன் போகிற கோச்சி. தர்ஷினி லண்டனிலிருந்து போனில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, முதல் நாளே போய் ஹோட்டல்ல தங்குங்க. ட்ரெயின் கேன்சல் ஆகும். கூட்டமா வேற இருக்கும்."

"கூட்டமா? எனக்கா? பதுளை ஸ்டேசன்ல சீட் புடிச்சவன்டி நான்."

"சீட் புடிக்கிறதுன்னா என்னப்பா?"

மகளுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்காமல் வளர்த்துவிட்டோம். பண்டிகைக் காலத்தில் பதுளையில் கோச்சி பிளாட்பாரத்துக்கு வந்து நிற்பதற்குள் நாங்கள் கூடவே ஓடுவோம். திறந்திருக்கிற ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைச் சீட்டில் எறிவோம். விழுந்துவிட்டால் அந்தச் சீட் நம்முடையது. காணி உறுதிக்கு, அதாவது நிலப் பத்திரத்துக்கு, இருக்கிற மரியாதை அந்தக் கைக்குட்டைக்கு உண்டு. யாரும் எடுத்துப் போட மாட்டார்கள். மிச்சக் குடும்பம் ஆடி அசைந்து வரும். ஜன்னல் வழியாகப் பெட்டி வரும், சாப்பாட்டு மூட்டை வரும், கைப்பிள்ளை வரும், ஒரு தடவை ஒரு சேவல் வந்தது. எல்லாரும் ஏறினார்களா என்று கார்ட் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பச்சைக் கொடி காட்டுவார். அதற்குப் பிறகும் ஓடி வந்து ஏறுகிறவர்கள் உண்டு.

நமுனுகுல வட்டாரத்தில் என் கைக்குட்டை போய் விழாத பெட்டி கிடையாது. கொழும்புக்குப் போகிறவர்கள் முந்தின நாளே வீட்டுக்கு வந்து, "தம்பி, நாளைக்கு ஸ்டேசனுக்கு வாறீங்களா?" என்று கேட்பார்கள். படிப்பில் வராத பெயர் எனக்கு அதில்தான் வந்தது.

4

வெஸ்ட்பரி வரை கையை விடவில்லை. டொய்லட்டுக்கும் போகவில்லை. சரசு தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் கட்டி எடுத்து வந்திருந்தாள். கப்பலில் நாள் முழுக்கச் சாப்பாடு போடுவார்கள் என்று சொன்னேன். "அது கப்பலுக்குப் போய்ச் சேந்தாத்தானே" என்றாள்.

வெஸ்ட்பரியில் இறங்கினால் பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லாத கூட்டம். முந்தின கோச்சியை ரத்துச் செய்துவிட்டார்களாம், அந்தக் கூட்டமும் எங்களுடையதற்கே நிற்கிறது. கோச்சி வந்தது. வெறும் மூன்று பெட்டி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நடுப் பெட்டியில் இரண்டு சீட் காலி.

அப்புறம் நடந்தது நான் செய்ததல்ல, என் கால் செய்தது.

"நீ பெட்டிகளோட இங்கயே நில்லு. நான் போய் சீட் புடிக்கிறேன்!"

"என்னங்க…" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. சீட் பிடிக்கிறவன் காதில் அந்தக் குரல் விழாது. இரண்டு பையன்களுக்கு நடுவில் புகுந்து, ஒரு சைக்கிளைத் தாண்டி, ஒரு தடியரின் அக்குளுக்குக் கீழே குனிந்து, போய்ச் சேர்ந்தேன். ஒரு சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்துச் சீட்டில் கைக்குட்டையைப் போட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் இது சின்னச் சாதனை இல்லை. பெருமையாக ஜன்னல் பக்கம் திரும்பி, பெட்டியை வாங்கக் கையை நீட்டினேன்.

கை கண்ணாடியில் இடித்தது.

இந்த ஊர்க் கோச்சியில் ஜன்னல் திறக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும், இதே ஊர்க் கோச்சிகளில் எத்தனையோ வருஷம் வேலைக்குப் போய் வந்தவன் நான். அந்த நிமிஷத்தில் தெரியவில்லை. வெளியே சரசு இரண்டு பெட்டிகளோடு கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறாள். நான் கண்ணாடியைத் தட்டி, சீட்டைக் காட்டி, வா வா என்று கை ஆட்டினேன். கீ கீ என்று ஒரு சத்தம் வந்தது. கதவு மூடிக்கொண்டது. இங்கே கார்ட் யாருடைய குடும்பம் ஏறியது என்று பார்ப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கோச்சி நகர்ந்தது. சரசு ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்தாள். ஓடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

5

பாஸ்போர்ட் இரண்டும் என் பையில். டிக்கட் என் போனில். கழிவு அட்டை என் சட்டைப் பையில். அவளிடம் உடுப்பும் ரொட்டியும். பின்மதியம் கப்பல் வாசலை மூடிவிடுவார்கள். ஆனால் கப்பல் போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. வெஸ்ட்பரியில் நாங்கள் இறங்கிய பிளாட்பாரத்துக்கு எதிரே குளோஸ்டர் பக்கம் திரும்பிப் போகிற கோச்சி வந்து நிற்கும். ஒரு வாட்டி விட்டாலும் வீட்டுக்குத் திரும்பிருவேன் என்று சொன்னவள். சொன்னதைச் செய்கிறவள்.

எதிரே ஒரு வயதான வெள்ளைக்காரி. நின்றுகொண்டிருந்தார். கைக்குட்டையைக் காட்டி, இங்கே யாராவது இருக்கிறார்களா என்று மரியாதையாகக் கேட்டார். எனக்கு ஆங்கிலம் வரும். பதற்றத்தில் நான் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இது என் மனைவி."

அவர் கைக்குட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வருத்தமான செய்தி" என்பது போல ஒரு முகத்தோடு என் தோளைத் தொட்டார். அவர் என்ன நினைத்தாரோ, நான் விளக்கப் போகவில்லை. எழுந்து என் சீட்டையே அவருக்குக் கொடுத்தேன். நின்றால் கோச்சி சீக்கிரம் போகும் போல ஒரு எண்ணம்.

அவசர நிறுத்தக் கைப்பிடியைப் பார்த்தேன். தேவையில்லாமல் இழுத்தால் தண்டம் என்று எழுதியிருந்தது. தேவையா இல்லையா என்று அதோடு மனதுக்குள் ஒரு வழக்கே நடத்தினேன். எங்கள் பதுளைப் பாதையில், தெமோதரையில் கோச்சி ஒரு சுற்றுச் சுற்றி, தான் நின்ற ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் போகும். இதுவும் அப்படிச் சுற்றி சரசு நிற்கிற இடத்துக்கு அடியில் போகுமோ என்றுகூட ஒரு நிமிஷம் வெளியே எட்டிப் பார்த்தேன். புல்வெளியில் ஆடுகள் மேய்ந்தன. அவற்றுக்கு அவசரமே இல்லை.

போன் எடுத்தேன். மூன்றாம் தடவைதான் எடுத்தாள்.

"சரசு! நான் அடுத்த ஸ்டேசன்ல எறங்கி நிக்கிறேன். வார்மின்ஸ்டர். நீ அடுத்த கோச்சியில வந்துரு. கேக்குதா?"

அந்தப் பக்கம் ஸ்டேசன் அறிவிப்பு மட்டும் ஓடியது.

"சரசு?"

"சீட் கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு…"

"நல்லா ஒக்காருங்க."

"நீ வருவியா?"

"பாக்குறேன்" என்று வைத்துவிட்டாள்.

அப்போதுதான் டிக்கட் பார்க்கிற பெண் வந்தார். அட்டையில் இரண்டு படம், ஆள் ஒன்று. இன்னொருவர் எங்கே என்றார். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கக் கூடாது என்று அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. "அப்படியென்றால் உங்கள் டிக்கட் இப்போது செல்லாதே" என்றார். அதற்கு மேல் நான் முகத்தை வைத்திருந்த விதத்தைப் பார்த்து இரங்கியிருக்க வேண்டும். வெஸ்ட்பரிக்குப் போன் பண்ணினார். இரண்டு பெட்டிகளோடு நீலச் சால்வை போட்ட ஒரு பெண்ணுக்கு அடுத்த கோச்சியில் ஏற உதவி செய்யச் சொன்னார். கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அங்கே ஒரு பெண் இருக்கிறாராம். எந்தப் பக்கம் போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம்."

6

வார்மின்ஸ்டர் சின்ன ஸ்டேசன். பின்னால் மேடு, முன்னால் மேடு, நடுவில் ஒரு பெஞ்சு. எங்கள் மலையில் இருக்கிற இதல்கஸ்ஹின்னை ஸ்டேசனைத் துடைத்துக் கழுவிக் குளிரில் வைத்த மாதிரி இருந்தது. பெஞ்சில் உட்காரவில்லை. எத்தனை தடவை போன் அடித்தாலும் அவள் பேசிக்கொண்டிருப்பதாகவே வந்தது. யாரிடம் பேசுகிறாள்? மகளிடமா? மகளுக்கு அடித்தேன்.

"அம்மா என்கிட்ட பேசலயே. ஏன், அம்மா உங்க பக்கத்துல இல்லையா?"

"இருக்கா, இருக்கா. கொஞ்சம் தள்ளி இருக்கா."

"எவ்வளவு தள்ளி?"

"அடுத்த ஸ்டேசன் அளவுக்கு."

அதற்குப் பிறகு மகள் பேசியதில் பாதி ஆங்கிலம், பாதி தமிழ். திட்டுவதற்கு மட்டும் தமிழை மறக்காமல் வைத்திருக்கிறாள் என்பதில் ஒரு சந்தோஷம்.

நேரம் நின்ற மாதிரி இருந்தது. நான் யோசித்தது ஒன்றுதான். அன்றைக்கு அப்புத்தளையில் அவள் கையை விட்டது யாரும் இல்லை, கோச்சி. இன்றைக்கு விட்டது நான். இரண்டு சீட்டுக்காக. காலிச் சீட் கண்ணில் பட்டால் பிடிக்காமல் இருக்க முடியாத ஒரு வியாதிக்காரன். மூன்று தடவை தண்ணீர் குடித்தேன். போத்தல் காலி என்பது மூன்றாம் தடவைதான் தெரிந்தது.

கோச்சி வந்தது. முதல் பெட்டி போனது, முகங்கள். இரண்டாம் பெட்டி போனது, முகங்கள். அவள் இல்லை. கோச்சி நின்று கதவுகள் திறந்தன. ஒருவர் இறங்கினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கீ கீ சத்தம் தொடங்குவதற்கு முன் கடைசிக் கதவிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. கண்ணாடி வளையல், அதற்கு மேலே கம்பளி ஸ்வெட்டர் கை.

"ஏங்க, அங்க என்ன வேடிக்கை? ஏறுங்க!"

ஓடினேன். அவள் கையைப் பிடித்தேன். இழுத்து உள்ளே போட்டாள். கதவு என் முதுகுக்குப் பின்னால் மூடியது.

உள்ளே இதைவிடக் கூட்டம். ஆனால் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டில் அவளுடைய நீலச் சால்வை விரித்துக் கிடந்தது. சுற்றி அத்தனை பேர் நின்றும் யாரும் அதைத் தொடவில்லை.

"ஒக்காருங்க" என்றாள். "எங்க ஊர்லயும் கோச்சி நிக்கும்."

ரொட்டியை எடுத்துப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தாள். சம்பல் காரம் எனக்குக் கண்ணில் வந்தது. சம்பல்தான், வேறொன்றும் இல்லை.

"யாருகிட்ட அவ்வளவு நேரம் பேசின?"

"அக்காகிட்ட."

"என்ன சொன்னாங்க?"

"வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன். ஏசினாங்க. 'நான் போன கப்பல் திரும்பல. ஒன் கப்பல் போயிட்டுத் திரும்புதுன்னு சொல்ற. ஏறாம வந்தீன்னா ஒன்கூட பேச மாட்டேன்டி'ன்னாங்க." சால்வையை மடித்து மடியில் வைத்தாள். "அது திரும்பி வர்றத அவங்க பாக்கணுமாம்."

புதிய டிக்கட் பரிசோதகர் வந்தார். நாங்கள் குறித்த கோச்சியில் வரவில்லை, டிக்கட் செல்லாது என்று சொல்ல வாயெடுத்தார். அட்டையைப் பார்த்தார். "ஓ, அந்த இரண்டு பேரா!" என்றார். வழி முழுக்கச் செய்தி போயிருந்தது. அட்டையில் இருந்த படத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, "இப்போது சேர்ந்துதானே இருக்கிறீர்கள்?" என்றார்.

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

சரசு என் முழங்கையில் கிள்ளினாள். அதை அவர் ஆம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

7

கப்பல் வாசலுக்கு நாங்கள் போனபோது பெட்டி வாங்குகிறவர்கள் மேசையை மடிக்கத் தொடங்கியிருந்தார்கள். கோச்சியிலிருந்து கப்பல் வரை அவள் என் கையை விடவில்லை. பெட்டி இரண்டையும் நான்தான் இழுத்தேன், ஒரே கையால். அதுவும் ஒரு தண்டனை என்றே நினைக்கிறேன்.

நோர்வே நல்ல இடம். மலை உண்டு, பனிமூட்டம் உண்டு, தேயிலை இல்லை. சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம். முதல் இரண்டு நாள் சரசு கடல் பக்கமே திரும்பவில்லை. ஐந்தாம் நாள் கப்பல் திரும்புகிறது என்று அறிவித்தபோது தட்டை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். முகப்பு மெல்ல வளைந்து வந்த வழியைப் பார்க்கும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசி நாள் காலையில் சவுத்ஹாம்ப்டன். மழைத் தூறல். அவள் எனக்கு முன்பே எழுந்து, நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கூடலூருக்கு வீடியோவில் அழைத்தாள். லெட்சுமி அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு வெகு பக்கத்தில் வந்தார். ஒரு கண்ணும் நெற்றிப் பொட்டும் மட்டும் தெரிந்தன.

"வந்துருச்சாடி?"

"வந்துருச்சுக்கா."

"ஏறின எடமேவா?"

"ஏறின எடமேதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

சரசு போனைத் திருப்பி, துறைமுகத்தை மெல்லக் காட்டினாள். மஞ்சள் பாரந்தூக்கி, தகரக் கூரை, மேசை மடிக்கிற ஆட்கள். நாங்கள் பெட்டி கொடுத்த அதே வாசல். கப்பல் கரையைத் தொடுகிற வரைக்கும் காட்டிக்கொண்டே இருந்தாள். கயிறு கட்டினார்கள். நான் ஒரு பகிடி வைத்திருந்தேன், சொல்லவில்லை.

கடைசியில் அக்காதான் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

"தம்பி எங்க? சீட் புடிக்க ஓடிட்டாரா?"

"இல்லக்கா" என்று சரசு போனை என் முகத்துக்கு நேரே காட்டினாள். மற்றக் கையால் என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள். "எறங்குற வரைக்கும் விடப் போறதில்ல."